முன்மாதிரி ஸ்போர்ட்ஸ் கார்களின் தொலைந்த விவரங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி

லம்போர்கினி கவுன்டாச்சின் முன்மாதிரியான எல்பி 500 எப்படி இருந்தது என்று கேட்டால், ‘எந்த மாதத்தில்?’ என்று திருப்பிக் கேட்பவரே அந்தக் காரைச் சரியாக அறிந்தவர். 1971 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் மஞ்சள் நிறத்தில் நின்ற கார் ஒன்று. 5 லிட்டர் என்ஜின் சோதனையில் தாங்காமல் போனதால் 4 லிட்டர் என்ஜின் ஏற்றப்பட்டு, சூட்டைத் தணிக்கப் பாடியில் கூடுதல் காற்றுத் திறப்புகள் வெட்டப்பட்டு, சாலைகளில் அடிபட்டு வந்த கார் இன்னொன்று. 1974இல் இங்கிலாந்தில் மோதல் சோதனைக்கு ஆளாகி, பிறகு உடைத்துப் போடப்பட்ட கார் மூன்றாவது. மூன்றும் ஒரே வண்டிதான்.

விற்பனைக்கு வந்த காருக்கு உதிரிபாகப் பட்டியல், பணிமனைக் கையேடு, விளம்பரச் சிற்றேடு எல்லாம் இருக்கும். அவை தொலைந்தாலும் எஞ்சியிருக்கும் பிரதிகளில் ஒன்றைப் பார்த்து விடையறியலாம். முன்மாதிரிக்கு அந்த வசதி கிடையாது. அது ஒருபோதும் முடிந்த பொருளாக இருந்ததில்லை. திங்கட்கிழமை ஒரு கார்புரேட்டருடன் வெளியே போய் வெள்ளிக்கிழமை வேறொன்றுடன் திரும்பிய வண்டி அது. ஆகவே, ‘இந்தக் காரின் பின்சக்கரம் எவ்வளவு அகலம்?’ என்ற கேள்வியை, ‘இன்ன தேதியில் ஓடியபோது இதன் பின்சக்கரம் எவ்வளவு அகலம்?’ என்று மாற்றிக் கேட்கப் பழக வேண்டும். கீழே வரும் முறைகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்திலிருந்து கிளைப்பவை.

தேதிவாரிக் குறிப்பேடு

தேடலைத் தொடங்குமுன் ஒரு குறிப்பேட்டைத் திறந்துவிடுங்கள். நோட்டுப் புத்தகமோ கணினி அட்டவணையோ, எதுவானாலும் சரி. ஆனால் காரின் பாகங்களை வைத்து அதைப் பிரிக்காமல் தேதிகளை வைத்துப் பிரிக்க வேண்டும். ஒரு வரி இப்படி அமையலாம்: ‘பின்புறக் காற்றுத் திறப்பு, இடப்பக்கம். ஏழு கிடைமட்டத் தகடுகள். கண்காட்சியின் இரண்டாம் நாள். சான்று: செய்தியாளர் எடுத்த படம், பின்பக்கத்தில் பென்சில் குறிப்பு. தேதியை உறுதிசெய்வது: பின்னணியில் தெரியும் அரங்கப் பலகை.’ விவரம், தேதி, சான்று, அந்தத் தேதியை நம்புவதற்கான காரணம் என்ற நான்கில் கடைசியைத்தான் பெரும்பாலோர் எழுதாமல் விடுகிறார்கள். ஓராண்டு கழித்து இரண்டு சான்றுகள் முரண்படும்போது தேவைப்படுவதும் அதுதான்.

சான்றின் தேதியும் காரின் நிலையைக் குறிக்கும் தேதியும் வேறு வேறு என்பதை மறந்துவிடக் கூடாது. மார்ச் மாத இதழில் வந்த படம் ஜனவரியில் எடுக்கப்பட்டிருக்கும். மேயில் அச்சான சிற்றேட்டின் அளவுகள் முந்தைய ஆண்டின் வரைபடத்திலிருந்து வந்திருக்கும். சரியான நாள் தெரியாதபோது ‘இதற்கு முன்’, ‘இதற்குப் பின்’ என்ற இரு எல்லைகளைக் குறித்துவைத்தால் போதும். பத்துப் பதினைந்து எல்லைகள் சேர்ந்தபின், நடுவில் எஞ்சும் இடைவெளி தானாகவே குறுகிவிடும்.

கண்காட்சிக் கார்களைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வியையும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: அன்று அது ஓடக்கூடிய வண்டியா? மசெராட்டி பூமராங் 1971இல் டுரின் கண்காட்சியில் வெறும் மாதிரியுருவாகத்தான் நின்றது. 1972 ஜெனீவாவுக்கு வந்தபோதுதான் ஓடும் கார் ஆனது. டுரின் படத்தைப் பார்த்து அதன் சஸ்பென்ஷனைப் பற்றி முடிவெடுப்பவர், இல்லாத பொருளை அளந்துகொண்டிருக்கிறார்.

பெயரை விட்டு எண்ணைப் பிடியுங்கள்

நாம் அறிந்த பெயர் பெரும்பாலும் விளம்பரத் துறை வைத்த பெயர். பட்டறையில் அந்தக் காரை யாரும் அப்படி அழைத்திருக்க மாட்டார்கள். அதனால் கோப்புகளிலும் அந்தப் பெயர் இருக்காது. ஆஸ்டன் மார்ட்டின் புல்டாக் பற்றிய தாள்களைத் தேடுபவர் கே9 என்ற திட்டக் குறியீட்டையும் சேர்த்துத் தேட வேண்டும். மெர்சிடிஸ் பென்ஸ் சி111, உள்ளுக்குள் முதலில் சி101 என்றே இருந்தது. நடுவில் பூச்சியம் வரும் மூன்றிலக்க எண்களுக்கு பெஜோ நிறுவனம் உரிமை கொண்டாடியதால் பெயர் மாறியது. போர்ஷே 901 என்பது 911 ஆனதும் இதே காரணத்தால்தான். பெயர் மாறிய நாளுக்கு முந்தைய தாள்கள் எல்லாம் பழைய பெயரின் கீழேதான் அடுக்கப்பட்டிருக்கும். இத்தாலியக் கோப்புகளில் சோதனை வண்டியை ‘முலெட்டோ’ என்றும், ஜெர்மன் கோப்புகளில் ‘ஃபெர்சுக்ஸ்வாகன்’ என்றும் எழுதியிருப்பார்கள். அந்தந்த மொழியில் அந்தச் சொல் எப்படி எழுதப்படும் என்று குறித்து வைத்துக்கொண்டு தேடுவது நல்லது.

அடுத்தது எண்கள். சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) எண், என்ஜின் எண், பாடி கட்டிய பட்டறையின் எண், பதிவெண் ஆகிய நான்கும் நான்கு தனித்தனி வரலாறுகள். அவை ஒன்றாகவே பயணித்தன என்று முன்கூட்டியே எண்ணிவிடக் கூடாது. ஒரு நிறுவனத்தின் எண்ணிடும் வழக்கம் தெரிந்தால் எண்ணே பேசத் தொடங்கும். 1960களில் ஃபெராரி, சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண்களையும் பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண்களையும் கொடுத்துவந்தது; ஆகவே கண்காட்சி மேடையில் நின்ற ஒரு ஃபெராரியின் எண் இரட்டைப்படையாக இருந்தால், பளபளக்கும் பாடிக்கு அடியில் பந்தயச் சேஸிஸ் இருக்கிறது என்று சந்தேகிக்கக் காரணம் உண்டு.

பாடி மறைந்தாலும் சேஸிஸ் வேறு உடையில் வாழ்ந்துகொண்டிருப்பது உண்டு. ஆல்ஃபா ரோமியோ 33 வகைப் பந்தயக் கார்களின் சேஸிஸ் மேல் இத்தாலிய வடிவமைப்புப் பட்டறைகள் கண்காட்சிக் கார்களைக் கட்டின. பெர்தோனே 1968இல் கராபோவைக் கட்டியது. 1969இல் இட்டால்டிசைன் இகுவானாவைக் கட்டியது. பினின்ஃபாரினா 1968இல் ஒரு திறந்த காரைக் கட்டி, அதே சேஸிஸை 1971இல் குனெயோ என்ற காருக்குப் பயன்படுத்திக்கொண்டது. அந்தத் திறந்த காரின் பாடி போய்விட்டது. ஆனால் அதன் அச்சிடைத் தூரம் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்), பெடல்களின் இடம், என்ஜின் தாங்கிகள் முதலியவற்றை அறிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது குனெயோவைத்தான். தொலைந்துவிட்டது என்று சொல்லப்படும் ஒவ்வொரு காரிலும் ‘எந்தப் பகுதி தொலைந்தது?’ என்று கேட்டுவிட்டே மேலே போக வேண்டும்.

பந்தய அணிகள் எண் தகடுகளைக் கழற்றி மாட்டியதும் உண்டு. எல்லை தாண்டும்போது சுங்கத் தாளில் எந்த எண் இருக்கிறதோ அந்த எண் வண்டியிலும் இருக்க வேண்டும் என்பதால், விபத்தில் போன காரின் எண்ணைப் புதுக் காருக்குச் சூட்டிக் கொண்டுபோவது அன்றைக்குப் பெரிய குற்றமாகத் தோன்றவில்லை. ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கோரும் வழக்குகளுக்கு வேர் பலமுறை இங்கேதான் இருக்கிறது.

புகைப்படத்தைப் படிப்பது

புகைப்படங்களே நமக்குக் கிடைக்கும் பெருஞ்செல்வம். மிகுதியாக ஏமாற்றுவதும் அவைதான்.

முதலில், படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவை மறுபக்கமாகப் புரட்டி வைத்து அச்சிடுவது அந்நாளில் சர்வசாதாரணம். பதிவெண், பந்தய எண், டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்து, ஓட்டுநரின் கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான் ஆகியவற்றில் ஒன்றாவது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு காரின் பெட்ரோல் மூடி இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டது என்று நானே மூன்று பக்கக் கட்டுரை எழுதி, அதற்கு எடை சமநிலைக் காரணம் எல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பின்னால் நின்ற மெக்கானிக்கின் மேலங்கியில் பட்டை எழுத்து கண்ணாடி பிம்பமாக இருந்ததை ஒரு நண்பர் சுட்டிக்காட்டியபோது, மூன்று பக்கமும் குப்பைக்குப் போயின. மூடி மாறவேயில்லை.

இரண்டாவது, நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழக்கூடும். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பை உணராது என்பதால், அதில் எடுத்த சிவப்புக் கார் கருங்காராகத் தெரியும். வண்ணப் படமும் சாட்சியாக நிற்பதற்குமுன் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். பல பழைய வண்ணச் ஸ்லைடுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கி, படம் முழுவதும் செம்மை படர்ந்துவிடும். இருட்டில் பாதுகாக்கப்பட்ட கோடாகுரோம் மட்டும் நெடுநாள் நிறம் காக்கும். எனவே காரின் நிறத்தைப் படிக்குமுன் அதே படத்தில் வெள்ளை என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை, ஒரு சட்டையையோ சுவரொட்டியின் ஓரத்தையோ, பார்த்து எவ்வளவு திரிந்திருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நிறம் உண்மையிலேயே மாறியிருக்கவும் கூடும். ஃபெராரி 512 எஸ் சேஸிஸ் மேல் பினின்ஃபாரினா கட்டிய மோடுலோ முதலில் கறுப்பாகவும் பின்னர் வெள்ளையாகவும் இருந்தது. புல்டாக் சில ஆண்டுகள் பச்சையாக இருந்து, அண்மைய மறுசீரமைப்பில்தான் தொடக்க கால வெள்ளி நிறத்துக்குத் திரும்பியது.

மூன்றாவது, அளவு. காரைச் செங்குத்தாகப் பக்கவாட்டிலிருந்து, தொலைவில் நின்று, நீண்ட குவியத் தூர லென்ஸால் எடுத்த படம் ஒன்று கிடைத்தால் அது ஒரு வரைபடத்துக்குச் சமம். அச்சிடைத் தூரம் தெரிந்திருந்தால் அதை அளவுகோலாக வைத்துக் கூரையின் உயரம், கதவின் நீளம், விளிம்பின் சாய்வு அனைத்தையும் கணக்கிடலாம். அச்சிடைத் தூரமும் தெரியாதபோது சக்கரத்தை நாடுங்கள். 15 அங்குல ரிம் எந்தக் காரிலும் 15 அங்குலம்தான், ஆனால் அந்த அளவு டயர் அமரும் இடத்தின் விட்டமே தவிர ரிம்மின் வெளிவிளிம்பின் விட்டமல்ல என்பதை நினைவில் கொள்ளுங்கள். இந்தச் சிறு பிழை கூரை உயரத்தில் பல சென்டிமீட்டர் வித்தியாசமாக வந்து நிற்கும். முகப்பும் பக்கவாட்டும் ஒருங்கே தெரியும் முக்கால் கோணத்தில் அருகிலிருந்து எடுத்த படங்களில் நேரடியாக அளக்கவே கூடாது. பல படங்களை ஒருங்கே வைத்துக் கணக்கிடும் போட்டோகிராமெட்ரி மென்பொருளிடம் அவற்றை ஒப்படையுங்கள்.

இதழில் வெளிவந்த ஒரு படத்துக்குப் பின்னால் முப்பத்தாறு படங்கள் கொண்ட சுருள் ஒன்று இருந்திருக்கும் என்பதை எப்போதும் எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் அழகான படத்தைத் தேர்ந்தெடுத்தார்; நமக்கு வேண்டியதோ, பின்மூடியைத் திறந்து வைத்து மெக்கானிக் குனிந்திருக்கும் மங்கலான படம். படக்காப்பகங்களில் ‘காண்டாக்ட் ஷீட்’ (சுருளின் எல்லாப் படங்களும் சிறிதாக ஒரே தாளில் அச்சானது) கேளுங்கள். சுருளின் வரிசை எண், எது முன், எது பின் என்பதையும் சேர்த்துச் சொல்லும். படத்தின் அடியில் அச்சான வாசகத்தை மட்டும் கடைசியாக நம்புங்கள்.

வரலாற்றுக்காக எழுதப்படாத தாள்கள்

பத்திரிகைக் குறிப்பு, நினைவு நூல், ஏலக் கையேடு ஆகியவை ஒருவரை நம்பவைப்பதற்காக எழுதப்பட்டவை. டயர் கடைப் பற்றுச்சீட்டும் கூட்டக் குறிப்பும் சுங்கத் தாளும் யாரையும் நம்பவைக்க எழுதப்படவில்லை. எழுதியவர் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் எப்போதும் பின்னதன் பக்கமே சாய்வேன்.

எல்பி 500 மீண்டும் கட்டப்பட்ட விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு சேகரிப்பாளர் 2017இல் கேட்டுக்கொண்டதன் பேரில், லம்போர்கினியின் வரலாற்றுப் பிரிவான போலோ ஸ்டோரிகோ, படங்கள், வரைபடங்கள், கூட்ட அறிக்கைகள், அந்நாளில் வேலை செய்தவர்களின் நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டி, 25,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட உழைப்பில் 2021இல் அந்தக் காரை மறுபடி உருவாக்கிக் காட்டியது. கவனிக்க வேண்டியது, முக்கியமான இரு விவரங்கள் கார் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்தன என்பதை. டயரின் தடம், பிரெல்லி நிறுவனம் தன் காப்பகத்தில் வைத்திருந்த சிந்துராட்டோ சிஎன்12 டயரின் படங்களிலிருந்தும் வரைபடங்களிலிருந்தும் கிடைத்தது. அந்த மஞ்சளின் சரியான கலவை, பெயின்ட் நிறுவனமான பிபிஜியின் காப்பகத்திலிருந்து கிடைத்தது. கார் கட்டியவர் தாள்களை எறிந்துவிட்டிருக்கலாம். டயர் விற்றவரும் கண்ணாடி வளைத்தவரும் கார்புரேட்டர் சரிசெய்தவரும் தங்கள் கணக்குக்காக வைத்திருப்பார்கள். ஆகவே குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை, அந்தக் காருக்குப் பொருள் கொடுத்திருக்கக்கூடிய எல்லா நிறுவனங்களின் பட்டியலுக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

பந்தயத்துக்குப் போன கார்களுக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. பந்தய விதிகள், எந்தத் தாள் இருக்கும், எது இருக்கவே இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் 1966 முதல் 1971 வரை நடப்பில் இருந்த ஆறாம் பிரிவில் முன்மாதிரிகளுக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது என்பதால், அவற்றுக்கு அங்கீகாரப் படிவத்தைத் தேடி அலைவது வீண். நான்காம் பிரிவில் முதலில் 50 கார்களும் பின்னர் 25 கார்களும் கட்டியாக வேண்டும்; 1969 ஏப்ரலில் போர்ஷே தன் 917 கார்கள் 25ஐயும் வரிசையாக நிறுத்திக் காட்டியது அதற்காகத்தான். அந்தக் காருக்கு எஃப்ஐஏ அங்கீகாரப் படிவமும் அளவுகளும் படங்களும் உண்டு. படிவம் இல்லாத முன்மாதிரிகளுக்குப் பந்தய நுழைவுப் பட்டியல், தொழில்நுட்பப் பரிசோதனைத் தாள் ஆகியவற்றை நாட வேண்டும். லெ மான் போன்ற இடங்களில் பந்தயத்துக்கு முன் கார்களை எடைபோட்டுப் பதிவுசெய்தார்கள். சிற்றேட்டில் அச்சிட்ட எடைக்கும் அங்கே தராசு காட்டிய எடைக்கும் உள்ள வேறுபாடு, பல நிறுவனங்களின் அடக்கத்தைப் பற்றி நிறையச் சொல்லும்.

காப்புரிமை ஆவணங்களை மறந்துவிடாதீர்கள். ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசெனெட் தளத்தில் இலவசமாகத் தேடலாம். நிறுவனத்தின் பெயரைவிடப் பொறியாளரின் பெயரைக் கொண்டு தேடுவது நல்லது. கதவுக் கீலோ முகப்பு விளக்கின் இயக்கமோ எப்படி வேலை செய்தது என்பதற்கு வரைபடம் கிடைக்கும். விண்ணப்பத் தேதி ஓர் உறுதியான எல்லையாகவும் நிற்கும். ஆனால் காப்புரிமையில் வரைந்தது அப்படியே காரில் பொருத்தப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை.

வேக எண்களைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். அவை அவ்வளவு தொல்லை தருபவை. புல்டாக் மணிக்கு 237 மைல் போகும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். எம்ஐஆர்ஏ சோதனைத் தளத்தில் அளந்தபோது காட்டியது 191 மைல். மறுசீரமைப்புக்குப் பின் 2023 ஜூனில் ஸ்காட்லாந்தில் எட்டியது 205 மைல். மூன்றும் பல இடங்களில் ‘இந்தக் காரின் வேகம்’ என்றே அச்சாகியிருக்கின்றன. கணக்கிட்டது, அளந்தது, பிற்காலத்தில் எட்டியது என்று மூன்று நிரல்கள் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

காப்பகத்துக்கு எழுதுவது

இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், பியூலியில் உள்ள தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தின் நூலகம், டுரின் நகரத் தேசிய மோட்டார் அருங்காட்சியகத்தின் ஆவண மையம், ஸ்டுட்கார்ட்டில் போர்ஷே காப்பகம், ஃபுளோரிடாவின் நேப்பிள்ஸ் நகரில் ரெவ்ஸ் இன்ஸ்டிடியூட், டெட்ராய்ட் பொது நூலகத்தின் மோட்டார் வரலாற்றுத் தொகுப்பு ஆகியவை தொடங்குவதற்கு ஏற்ற இடங்கள். எங்கே எழுதினாலும் ‘இந்தக் காரைப் பற்றி உங்களிடம் உள்ள அனைத்தையும் அனுப்புங்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கடிதத்துக்கு வரும் விடை ஒரு பத்திரிகைக் குறிப்பின் நகலாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தெரிந்ததை நான்கு வரியில் சொல்லி, திட்டக் குறியீட்டையும் தேதி எல்லைகளையும் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘இந்த இரு மாதங்களுக்கு இடையே சோதனைத் துறை எழுதிய அறிக்கைகள் எந்தப் பெட்டியில் இருக்கும்?’ என்பது காப்பாளர் எழுந்துபோய்ப் பார்க்கத் தூண்டும் கேள்வி.

தொகுப்பின் பொருளடக்கப் பட்டியலைக் கேட்டு வாங்கி, உங்கள் காரின் பெயர் இல்லாத கோப்புகளையும் படியுங்கள். அதே ஆண்டில் அதே பட்டறையில் கட்டிய இன்னொரு காரின் கோப்பில், ‘முன்னதில் செய்ததுபோலவே பிரேக் குழாயை மாற்றவும்’ என்ற ஒற்றை வரி காத்திருக்கலாம். ‘முன்னது’ என்பது உங்கள் கார்.

மனிதர்களின் நினைவு

1970இல் பெர்தோனே ஜெனீவாவில் காட்டிய பிஎம்டபிள்யூ கார்மிஷ் அதன்பின் காணாமற்போயிற்று. பிஎம்டபிள்யூ 2019இல் அதை மீண்டும் கட்டியபோது கையில் இருந்தவை அந்தக் காலத்துப் படங்கள் சில மட்டுமே. அவற்றிலிருந்து முழு அளவு வரைபடங்கள் உருவாக்கப்பட்டன. நிறங்களும் உள்ளலங்காரமும் அதை வடிவமைத்த மார்செல்லோ காந்தினியின் நினைவைக் கொண்டு முடிவுசெய்யப்பட்டன. காந்தினி 2024 மார்ச்சில் மறைந்துவிட்டார். அந்தக் கேள்வியை ஐந்தாண்டுகள் தள்ளிப்போட்டிருந்தால் விடை சொல்ல ஆளிருந்திருக்காது. ஆகவே வரிசையில் இது கடைசியாக வந்தாலும், செயலில் இதையே முதலில் தொடங்குங்கள்.

பேட்டிக்குப் போகும்போது படங்களைக் கொண்டுபோங்கள். ஆனால் முதல் அரைமணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருங்கள். படத்தைப் பார்த்தவுடன் மனம் படத்தையே நினைவாக எடுத்துக்கொண்டுவிடும். காரைப் பற்றிக் கேட்பதைவிட வேலையைப் பற்றிக் கேட்பது பயன் தரும்: எந்த மேசையில் வேலை செய்தீர்கள், கதவை மாட்டும்போது யார் மறுமுனையைப் பிடித்தது, எந்தக் கருவி கைக்கு எட்டாமல் சிரமப்படுத்தியது? இருபது கிலோ எடையை மூன்று மாதம் தூக்கிய தோள், விவரத்தை மறப்பதில்லை. தேதி கேட்கவே வேண்டாம். கோடை விடுமுறைக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். ‘அது நீலம்தானே?’ என்று விடையை வாயில் ஊட்டும் கேள்வியும் கூடாது.

இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் அதை இரண்டு சான்றாக எண்ணுமுன், ஆண்டுதோறும் அவர்கள் சந்தித்து அதே கதையைப் பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அச்சில் வந்தவற்றுக்கும் இதே விதிதான். பதினைந்து நூல்களில் ஒரே குதிரைத்திறன் எண் இருந்தாலும், பின்னோக்கிப் போனால் எல்லாம் ஒரே இதழின் ஒரே பத்தியில் போய் முட்டும்; அது ஒரு சான்றுதான்.

உலோகம் இருந்தால்

கார் உயிரோடு இருந்தாலும் விடை அதில் இருக்கும் என்று உறுதியில்லை. ஜாகுவாரின் எக்ஸ்ஜே13 ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. 1971 ஜனவரியில் எம்ஐஆர்ஏவில் படப்பிடிப்புக்காக நார்மன் டூயிஸ் ஓட்டியபோது உருண்டு நொறுங்கியது. பிறகு கட்டி எழுப்பப்பட்ட பாடி பழையதை அச்சு மாறாமல் பின்பற்றவில்லை. இன்றைய காரை லேசர் ஸ்கேனர் கொண்டு மில்லிமீட்டர் பிசகாமல் அளந்தாலும், கிடைப்பது விபத்துக்குப் பிந்தைய காரின் அளவு. போர்ஷே 917இன் முதற்கார் வேறு வகையில் ஏமாற்றியது. 1969இல் வெள்ளையும் பச்சையுமாக ஜெனீவாவில் அறிமுகமான 001, 1970இல் லெ மானில் வென்ற 23ஆம் எண் காரின் சிவப்பு வெள்ளை உடையில் பல பத்தாண்டுகள் நின்றது. 2019இல்தான் தொடக்க கால உருவத்துக்கு மீட்கப்பட்டது.

ஆனாலும் பாகங்களில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பயன் உண்டு. பழைய பிரிட்டிஷ் கார்களில் லூக்காஸ் நிறுவனத்தின் மின்கருவிகளில் மாதமும் ஆண்டும் குத்தப்பட்டிருக்கும். கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையிலும் வார்ப்பு உலோகத்திலும் தேதிக் குறி இருக்கும். காரின் தேதிக்குப் பிந்தைய பாகம் பின்னால் மாற்றப்பட்டது என்பது உறுதி. முந்தைய பாகம் எதையும் நிரூபிக்காது, ஏனெனில் பட்டறை அலமாரியில் கிடந்த பழைய பொருளை எடுத்து மாட்டுவது முன்மாதிரிகளில் வழக்கம். பெயின்ட்டைப் பொறுத்தவரை டேஷ்போர்டின் பின்புறம், கதவுக் கீலின் அடிப்பகுதி போன்ற, தெளிப்பான் எளிதில் எட்டாத இடங்களைப் பாருங்கள். உரிமையாளர் இசைந்தால், மறைவான ஓரிடத்தில் மெல்லிய உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தால், மரத்தின் வளையங்களைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக நிறங்கள் வெளிப்படும். அந்த வட்டத்தை அளவுகோலுடன் படமெடுத்துவிட்டு உடனே மூடிவிடுங்கள்.

எதுவுமே மிஞ்சாத கார்களும் உண்டு. ஜாகுவார் ஈ டைப்புக்கு முன்னோடியான ஈ1ஏ உடைக்கப்பட்டுவிட்டது. டுரினில் கியா (Ghia) என்ற பாடிப் பட்டறை கட்டிய கிரைஸ்லர் நார்ஸ்மேன், 1956 ஜூலையில் ஆண்ட்ரியா டோரியா கப்பலோடு அட்லாண்டிக் கடலில் மூழ்கியது. அது கிடக்கும் இடம் தெரியும், எடுத்துப் பார்க்க முடியாது. இத்தகைய கார்களுக்குக் குறிப்பேட்டில் வெற்றுக் கட்டங்கள் இருந்தே தீரும். அவற்றை ஊகத்தால் நிரப்ப நேர்ந்தால், ஊகம் என்று அந்தக் கட்டத்திலேயே வேறு நிற மையால் எழுதுங்கள். அடிக்குறிப்பில் எழுதினால், நகலெடுப்பவர் அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். மறுபடி கட்டப்பட்ட எல்பி 500இன் படமும் கார்மிஷின் படமும் இப்போதே பழைய படங்களோடு கலந்து கிடக்கின்றன. அவற்றைச் சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே ‘2021 மறுகட்டுமானம்’, ‘2019 மறுகட்டுமானம்’ என்று சேர்த்துவிட்டு, குறிப்பேட்டின் ஒரு நகலை நீங்கள் உதவி பெற்ற காப்பகத்துக்கே அனுப்பி, எந்தப் பெட்டியின் எந்தத் தாளிலிருந்து எந்த வரி வந்தது என்பதையும் அதில் குறித்துவிடுங்கள்.